எறும்புகள் காயப்போட்ட நெல்

சாப்பாட்டு அலுமாரியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய தகரப் பால்பேணிகள் வைத்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால், அலுமாரிக்கு எதற்குத் தண்ணீர், அது என்ன மரமா என்று கேட்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேணிகளுக்குக் காலையில் தண்ணீர் நிரப்புவது என் வேலை. எனக்கு எறும்புப் பைத்தியம் தொற்றியது அங்கேதான்.

ஒரு நாள் விளக்குமாற்றிலிருந்து கழன்ற ஈர்க்கு ஒன்று பேணியின் விளிம்பிலிருந்து அலுமாரிக் காலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன்மேல் எறும்புகள் ஒற்றை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அம்மா ஈர்க்கை எடுத்து எறிந்துவிட்டார். எவ்வளவு நேரத்தில் பாலத்தைக் கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்பதற்காக அடுத்த நாள் நானே இன்னொரு ஈர்க்கை வைத்தேன். கண்டுபிடித்துவிட்டன. அம்மாவும் கண்டுபிடித்துவிட்டார். அடி அந்த ஈர்க்காலேயே விழுந்தது.

நாங்கள் அப்போது பூவரசங்குளம் பக்கத்தில், ஒரு குளத்துக்குக் கீழே அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணியில் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். கிணற்றில் துலா மிதித்து இறைத்த மனிதருக்கு, குளமும் வாய்க்காலும் வயலும் புதிது. ஆனால் புதிது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் உரத்துக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். தம்பி தொட்டிலில் கிடந்தான். விளையாட ஆளில்லாத எனக்கு எறும்புகள்தான் அயலவர்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை எறும்பில் இரண்டே சாதி. ஒன்று சீனிக்கு வருவது, மற்றது பிள்ளையைக் கடிப்பது. அப்பாவுக்கும் இரண்டுதான். நிலத்தில் நின்று கடித்தால் எறும்பு, மரத்திலிருந்து விழுந்து கடித்தால் முசுறு. எனக்கு அது போதவில்லை. நேராக நடக்கத் தெரியாமல் அங்குமிங்கும் ஓடித் திரிந்த நீளக்கால் கறுப்பனுக்கு விசரன் என்று பெயர் வைத்தேன். தொட்டால் பின்பக்கத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டுவது வால்தூக்கி. பாலை மரத்தடியில் தன் புற்றின் வாயைச் சுற்றிக் குருவி இறகும் காய்ந்த புளியிலையும் அடுக்கி வைத்திருந்த பெரிய கறுப்பு எறும்பு இறகுக்காரி. விடியற்காலையில் அந்த இறகுகளில் பனித்துளி நிற்கும். அதை அவை குடிப்பதை மண்ணில் வயிறு படப் படுத்திருந்து பார்த்திருக்கிறேன். சட்டை அழுக்கானதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மணத்தாலும் பிரித்தேன். முசுறை நசுக்கினால் மூக்கைக் குத்தும் புளிப்பு. குசினிக்குள் அடுப்படியில் திரியும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பொடி எறும்பை நசுக்கினால் பழுதான தேங்காய் மணம். விசரனுக்குச் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. இதையெல்லாம் எழுதிவைக்கவில்லை. எல்லாம் மூக்கில்தான் இருந்தது. சாப்பிடும்போது விரலை முகர்ந்து பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. அதைப் பார்த்து அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

குளத்தின் மறுகரையில் ஒரு முஸ்லிம் ஊர் இருந்தது. அங்கே வயல் செய்த ஒரு கமக்காரரை எங்கள் வீட்டில் எல்லோரும் நானா என்போம். அப்பாவைவிட மூத்தவர். அப்பா அவரை நானா என்பார், அவர் அப்பாவைத் தம்பி என்பார். அவருடைய விதைநெல்லுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர். நுனி கறுத்த மஞ்சள் நெல். ஒரு கைபிடி நெல்லைக் காட்டினாலே இது நானாவின் நெல் என்று சொல்லிவிடுவார்கள். நெளுக்குளத்துக்கு வண்டி கட்டிப் போய் வரும்போது எங்கள் வாசல் படலையில் நிறுத்துவார். அம்மா கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்தபடி என்னைக் கேட்பார்.

"என்ன புள்ள, உன்ர ஆக்கள் இண்டைக்கு என்ன செய்யிறாங்க?"

கேலியாகக் கேட்கிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பதில் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்ததால் கேலி இல்லை என்று தெரிந்தது. எறும்பை வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை என்று ஒரு நாள் முறைப்பட்டேன். அடுத்த முறை வரும்போது கடையில் இனிப்புப் போட்டு விற்கும் அகன்ற கண்ணாடிப் போத்தல் இரண்டை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்தார். மூடி இல்லை. மூடி எதற்கு, தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதாதா? அலுமாரி கற்றுத் தந்த பாடம்தானே.

போத்தலுக்குள் மண் நிரப்பி, வெளியே பழுப்புத் தாள் சுற்றி, எறும்புகளைக் குடியேற்றினேன். தாளை மெல்ல விலக்கினால் கண்ணாடியோடு ஒட்டிய அறைகளும் வழிகளும் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை இப்போது சொன்னால் கோபிக்க ஆள் இல்லை.

அந்த நாளில் நான் விட்ட பெரிய பிழை தலையனைப் பற்றியது. வரம்பில் ஓர் எறும்பு இருந்தது. உடம்பைவிடத் தலை பெரிது, அதனால் தலையன். சிவந்த பழுப்பு நிறம். அதே இடத்தில் மணல் பருக்கை அளவில் ஒரு பொடியன் எறும்பும் திரிந்தது. இரண்டும் வேறு சாதி என்று முடிவு செய்தேன். யானையையும் எலியையும் பக்கத்துப் பக்கத்தில் கண்டால் நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். தலையனை ஒரு போத்தலிலும் பொடியனை மற்றதிலும் விட்டேன். பொடியன்கள் அன்றைக்கே தோண்டத் தொடங்கிவிட்டன. தலையன்களோ பெரிய மனிதர்கள் மாதிரி நின்றன. தோண்டவில்லை, வைத்த தேங்காய்ப்பூவைச் சரியாகத் தின்னவும் இல்லை, ஒவ்வொன்றாகச் செத்தன.

பிறகு ஒரு நாள் வரம்பில் ஒரு தலையனின் தலைமேல் நாலைந்து பொடியன்கள் ஏறிச் சவாரி போவதைக் கண்டேன். கீழே நின்ற ஒரு பொடியன் தன் வாயை இன்னொரு தலையனின் வாயோடு வைத்து ஊட்டிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த தலையன்களைப் பொடியன்களின் போத்தலுக்குள் விட்டுப் பார்த்தேன். சண்டை இல்லை. கொஞ்ச நேரத்தில் தலையன் தனக்குப் பொருத்தமான ஒரு மண்கட்டியைப் பிடித்து உடைக்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள். நான்தான் பிரித்து வைத்துக் கொன்றிருக்கிறேன்.

அந்தப் போத்தலுக்குக் குரக்கன் தானியம் போட்டேன். கீழே ஓர் அறையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஒரு நாள் மண் காய்ந்துவிட்டதென்று தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். அடுத்த நாள் போத்தலை வெயிலில் வைத்தபோது நனைந்த குரக்கன் முழுவதையும் மேலே கொண்டுவந்து பரப்பியிருந்தன. அம்மா புழுங்கல் நெல் காயப்போடுவது போலவே இருந்தது. முளைத்த தானியத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "உனக்கில்லாத பொறுப்பு அதுகளுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு மாரிமழைப் போகமான காலபோகத்துக்கு அப்பா முதன்முதலாகப் புழுதி விதைப்பு விதைத்தார். மழைக்கு முன்பே காய்ந்த வயலை உழுது, புழுதியில் நெல்லை எறிந்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் முறை. விதைநெல் நானா கொடுத்தது. வண்டியிலிருந்து மூடைகளை இறக்கிய பிறகு அவர் ஒன்றைத்தான் சொன்னார்.

"தம்பி, விதைச்ச கையோட உழுது மூடிருங்க. நெல்லை வெளியில கிடக்க விடாதீங்க."

"ஓம் நானா, அது தெரியாதோ?" என்றார் அப்பா.

அப்பாவிடம் எதற்கும் பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் இருந்தது. விதைப்புக்கு நல்ல நாள் பார்த்து விதைத்தார். அடுத்த நாள் கரிநாள், ஏர் கட்டக் கூடாது. அதற்கடுத்தது செவ்வாய்க்கிழமை, அதுவும் கூடாது. நாள் சரியாக வந்தபோது மாட்டுச் சோடி கிடைக்கவில்லை, வேறொருவர் வயலில் நின்றது. நெல் புழுதிக்குமேல் வெயிலில் கிடந்தது.

நான் வரம்பில்தான் இருந்தேன். தலையன்களின் புற்றிலிருந்து வயலுக்குள் விரல் அகலத்தில் ஒரு பாதை போட்டிருந்தன. ஒரு நெல்லுக்கு ஏழெட்டுப் பொடியன்கள் சேர்ந்து இழுத்தன, தலையன் என்றால் தனியாகவே தூக்கியது. வரம்பு நீளத்துக்கும் இப்படிப் பல பாதைகள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா, தலையன் எங்கட நெல்லை இழுக்குது."

"இழுக்கட்டும் பிள்ளை. அதுக்கும் வயிறிருக்குத்தானே."

"கனக்க இழுக்குதப்பா."

"எறும்பு திண்டு கமம் அழிஞ்சதெண்டு ஆரும் சொல்லிக் கேட்டிருக்கிறியோ?"

நான் கேட்டிருக்கவில்லை. எனவே திரும்ப வரம்புக்கே போய்விட்டேன்.

ஒருவழியாக வயலை உழுது மூடினார்கள். பிறகு சின்னதாய் ஒரு மழை. எல்லோருடைய வயலும் பச்சை காட்டியது. எங்கள் வயலில் நடுவில் கொஞ்சம் முளைத்தது, வரம்போரமெல்லாம் வெறும் மண். அப்பா மண்ணைக் கிளறிப் பார்த்தார். நெல் இல்லை. அழுகி உக்கிப்போச்சு என்றார். நெல் உக்கிப்போகிற அளவுக்கு மழை எங்கே பெய்தது என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை, எறும்பால் கமம் அழியாது என்று கேட்டிருந்த எனக்கும்கூட. வீட்டில் அம்மா மட்டும், "நானாவிட்டத் திரும்ப விதை கேளுங்கோவன். பெருமழைக்கு முன்னம் இன்னொருக்கா எறியலாம்" என்றார். அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதற்குள் வாய்க்கால் துப்புரவு வந்தது. வருடத்தில் ஒரு முறை காணிக்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு கூடிச் செய்யும் வேலை. நான் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போயிருந்தேன். பக்கத்துக் காணிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"என்ன அண்ணை, உங்கட வயல் சொட்டைத் தலை மாதிரிக் கிடக்கு?"

அப்பாவின் முகம் கறுத்தது. "நானா செத்த நெல்லைத் தந்திட்டார்" என்றார்.

"சோனகனிட்ட விதை வாங்கினா வேற என்ன வரும்? எங்கட ஆக்களிட்டக் கேட்டிருக்கலாமே."

முஸ்லிம்களை அவர் சோனகன் என்றுதான் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்பா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு அழுகை வந்தது. நானா செத்த நெல்லைக் கொடுக்கக் கூடியவர் என்றால், அவர் என் கதையைக் கேட்டதெல்லாம் என்ன என்று தோன்றியது. அது பிள்ளைப் புத்தி. ஆனால் அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு நடந்தேன்.

வாய்க்கால் கட்டில் பேசிய பேச்சு மறுகரைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த முறை நானாவின் வண்டி எங்கள் படலையில் நிற்கவில்லை. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மாட்டின் முதுகைப் பார்த்தபடியே போய்விட்டார்.

பிறகு ஒரு பின்னேரம் இன்னொரு மழை, முன்னதைவிடக் கொஞ்சம் பலமாக. மூட்டம் விலகி மூன்றாம் நாள் நல்ல வெயில். தலையன்கள் என் போத்தலில் செய்ததை வரம்பிலும் செய்யுமா என்று பார்க்கப் போனேன். வேறு யோசனை ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். மனதுக்குள் ஒரு வேண்டுதல் இருந்தது.

செய்திருந்தன. புற்றுக்குப் புற்று, வாயைச் சுற்றி நெல் பரப்பிக் கிடந்தது. நுனி கறுத்த மஞ்சள் நெல். ஒரு புற்றில் இரண்டு கையாலும் அள்ளலாம் போலிருந்தது. குந்தியிருந்து பார்த்தேன். பாதிக்குமேல் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

அப்பா பசுமாட்டுக் கொட்டிலில் நின்றார்.

"அப்பா, ஒருக்கா வரம்புக்கு வாங்கோ."

"உன்ர எறும்புக் கதைக்கு இப்ப நேரமில்லை."

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, பிள்ளை இவ்வளவு கேக்குது. போய்ப் பாத்தால் என்ன குறைஞ்சு போவீங்களோ?" என்றார். அம்மாவின் குரல் அப்படி உயர்ந்தால் அப்பா போய்விடுவார்.

வரம்பில் அப்பா குந்தினார். ஒரு நெல்லை எடுத்து நுனியைப் பார்த்தார். முளையை நகத்தால் தொட்டார். இன்னொன்றை எடுத்தார். அடுத்த புற்றுக்கு நடந்துபோய் அங்கேயும் எடுத்துப் பார்த்தார். செத்த நெல் முளைக்காது என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்தார்.

"அள்ளு பிள்ளை" என்றார்.

எறும்புகளோடு சேர்த்து அள்ளினோம். இருவர் கையிலும் நல்ல கடி.

குளக்கட்டு வழியாக மறுகரைக்கு நடந்தோம். நானா முற்றத்தில் கலப்பைக்கு மேழி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். "வாங்க தம்பி" என்றார். குரலில் ஈரம் இல்லை. உட்காரச் சொல்லிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அப்பா இருக்கவில்லை. சால்வையை அந்தக் கதிரையில் வைத்து அவிழ்த்தார்.

"வரம்பில எறும்புப் புத்தில கிடந்தது. மகள்தான் கண்டவ."

நானா நெல்லைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், அப்பாவின் வீங்கிய விரல்களையும் பார்த்தார். "எத்தினை நாள் மூடாமக் கிடந்திச்சு?" என்று கேட்டார். அப்பா சொன்னார். கரிநாளையும் சொன்னார். நானா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்பாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இன்னொருக்கா எறிய விதை இருக்கோ நானா?"

"நேத்துத்தான் கடைசி மூடை போனது. உங்களுக்கெண்டுதான் வச்சிருந்தன் தம்பி. புதுசா விதைக்கிற ஆள், தேவைப்படும் எண்டு. வாய்க்கால் கட்டுக் கதை இஞ்ச வந்த பிறகு வேற ஆளுக்குக் குடுத்திட்டன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு மூடை நெல்லு பெரிசில்ல. என்ர நெல்லு செத்ததெண்டு ஊர் சொல்லுது. இனி ஆர் என்னட்ட விதைக்கு வருவாங்க?"

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. அன்றும் வரவில்லை. சால்வையை எடுத்து முடிந்துகொண்டு, "வா பிள்ளை" என்றார். கொஞ்சம் நெல் கதிரையிலேயே கிடந்தது. அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நல்லபடி முடியும் என்று நினைத்துப் போன எனக்கு அந்த நடை பெரிய தூரமாக இருந்தது.

வாய்க்கால் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. அடுத்த நாள் அப்பா மண்வெட்டியோடு சால்வை முடிச்சையும் எடுத்துக்கொண்டு போனார். என்னையும் வரச் சொன்னார். எல்லோரும் தேத்தண்ணிக்கு இருந்த நேரம் பார்த்து எழும்பி நின்றார்.

"நானாவின்ர நெல்லைப் பற்றி நான் ஒரு கதை சொன்னனான். அது பிழை. நெல் நல்ல நெல். எறும்பு இழுத்துக்கொண்டு போய் வச்ச இடத்திலயும் முளைச்சிருக்கு. இந்தா பாருங்கோ."

முடிச்சைப் பிரித்தார். சிலர் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் சும்மா இருப்பாரா?

"அப்ப எறும்போ அண்ணை உங்கட சாட்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

"ஓம், எறும்புதான் சாட்சி. விதைச்ச கையோட மூடச் சொல்லி அந்த மனிசன் சொன்னவர். நான் நாள் பாத்துக்கொண்டு இருந்தனான். பிழை என்னில. சோனகன் எண்டு நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்ததும் பிழை."

சிரிப்பு நின்றது. என் அப்பா தன் பிழையை வாய்விட்டுச் சொன்னதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசை வந்தது. அவருடைய மண்வெட்டியை நானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பேச்சும் மறுகரைக்குப் போயிருக்க வேண்டும். பெருமழை விட்டு வயல் பச்சையான பிறகு ஒரு காலையில் நானாவின் வண்டி படலையில் நின்றது. பின்னால் அவருடைய மனைவி இருந்தார். அவர்கள் வயலில் நெருக்கமாக முளைத்த பயிரைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். அம்மாவும் நானாவின் மனைவியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்போரத்து வெறுமையில் நட்டார்கள். நானா தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள, உன்ர ஆக்கள் என்ன செய்யிறாங்க?"

நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அந்தப் போகம் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் காணும், விற்கக் காணாது என்ற அளவில் விளைந்தது. அப்பா அதற்குப் பிறகும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் விதைத்தார். ஆனால் உழுது மூடுவதற்கு நாள் பார்க்கவில்லை.

சாட்சிக்கு எறும்பைக் கூப்பிட்டவரை ஊர் சும்மா விடுமா? எறும்பர் என்று பெயர் வைத்தார்கள். தொடங்கி வைத்தவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எறும்பரின் பெட்டை. அப்பாவின் உண்மைப் பெயரைச் சொல்லி வீடு கேட்டு வந்தவர்களுக்கு வழி காட்ட ஆளில்லாமல் போனது. அப்பா அந்தப் பெயருக்கு ஒருநாளும் கோபித்ததில்லை, ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. நானா மட்டும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அவருக்கு எப்போதும் தம்பிதான்.

என் போத்தல்கள், சண்டைக்குப் பயந்து நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய ஒரு தடவையில் போய்விட்டன. அலுமாரியும் பேணிகளும் அப்படியே. எறும்புகளுக்கு இராணி இல்லாமல் போத்தல் குடும்பம் நீடிக்காது என்று கனகாலத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். தலையனுக்கு நாவில் நுழையாத ஒரு நீளப் பெயர் இருப்பதையும் தெரிந்துகொண்டேன். இப்போதும் வரம்பில் கண்டால் குந்திவிடுவேன், எழும்பத்தான் கைபிடிக்க ஆள் வேண்டும்.

பின்னொரு காலத்தில், போர் நாளில், தமிழர் பக்கத்து ஆயுதக்காரர் மறுகரை முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். யார், எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கையில் எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு எங்கள் படலை வழியாகத்தான் போனார்கள். அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது, ஆனாலும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். வண்டிகளின் வரிசையில் ஒன்று நின்றது. நானா நன்றாகத் தளர்ந்திருந்தார். இறங்கவில்லை.

"வாறன் தம்பி" என்றார்.

அப்பா தோளில் கிடந்த சால்வையைக் கையில் எடுத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தெருவின் இரு பக்கமும் பார்த்தார். அன்று வாய்க்கால் கட்டில் போல எழும்பி நின்று சொல்ல அவரிடம் சொல் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. வண்டி நகர்ந்தது.